முப்பது ரூபாய் நாலணா

சாம்பியன், தங்கவயல்
1932 டிசம்பர் 4

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அக்கா சவுரியம்மாளுக்கும் மாமா ஞானப்பிரகாசத்துக்கும் தம்பி தானியேல் எழுதுவது. இங்கே நான், ராஜம்மாள், குழந்தை மூவரும் சர்வேசுரன் தயவால் சுகம். உங்கள் சுகத்துக்கும், மாமாவின் கண் எப்படி இருக்கிறது என்பதற்கும் பதில் எழுதவும்.

நீ அனுப்பிய முறுக்கு வந்து சேர்ந்தது. ரயிலில் பாதி நொறுங்கிவிட்டது. நொறுங்கினது என் பங்கு, முழுசாக இருந்தது தாய்க்கும் பிள்ளைக்கும் என்று ராஜம்மாள் பிரித்துவிட்டாள். இந்த வீட்டில் நியாயம் அப்படித்தான் நடக்கிறது.

அக்கா, ஒரு யோசனை. பதினாலு வருஷமாகப் பூமிக்கு அடியில் இறங்கிச் சம்பாதித்தாயிற்று. பூமிக்கு மேலே ஒரு வீடு வாங்கலாம் என்று நினைக்கிறேன். அறுநூறு ரூபாய்க்குச் சற்று மேலே கையில் இருக்கிறது. அந்தப் பணத்துக்கு வீடா என்று சிரிக்காதே. இங்கே மார்க்கெட்டில் ஜவுளிக்கடை காசிநாதன் இருக்கிறான். கோர்ட்டு ஏலத்தில் மட்டும் நாலு வீடு எடுத்திருக்கிறான். கடன் கட்ட முடியாதவன் வீட்டைக் கோர்ட்டார் ஏலம் போடும்போது பாதி விலைக்கும் கீழே கிடைக்குமாம். எனக்கு ஒரு மாதமாகப் பாடம் நடத்துகிறான். கோர்ட்டுச் சுவரில் ஒட்டின நோட்டீசைப் படி, கிணறு இருக்கிறதா பார், ரிஜிஸ்திரார் ஆபீசில் வேறு வில்லங்கம் உண்டா என்று கேள், நாலில் ஒரு பங்கு பணத்தை மடியில் கட்டிக்கொண்டு போ, வீட்டின் மேல் ஆசை வைக்காதே என்கிறான். கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு வராது போலிருக்கிறது. இப்போதே ஆசை வந்துவிட்டது.

ஆம்பூரில் உன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ராஜம்மாளுக்கும் ரொம்ப விருப்பம். கிறிஸ்துமஸுக்கு ஐந்து ரூபாய் மணியார்டர் அனுப்பியிருக்கிறேன். புடவை எடுத்துக்கொள்.

இப்படிக்கு உன் பிரியமுள்ள தம்பி,
தானியேல்

*

ஆம்பூர்
1932 டிசம்பர் 16

சேசு மரி சூசை துணை

அன்புள்ள தம்பி தானியேலுக்கும் ராஜம்மாளுக்கும் குழந்தைக்கும் அக்கா சவுரியம்மாள் ஆசீர்வாதம். இங்கே நாங்கள் இருவரும் சுகம். மாமாவின் இடது கண்ணில் பார்வை திரும்பாது என்பதுதான் தெரிந்த கதையாயிற்றே. வலது கண் நன்றாக இருக்கிறது, அதற்கே கோடி ஸ்தோத்திரம்.

மணியார்டர் வந்தது. பச்சையில் ஒரு சுங்கடிப் புடவை எடுத்தேன். கோவிலில் நாலு பேர் கேட்டார்கள். என் தம்பி எடுத்துக் கொடுத்தது என்று நாலு பேருக்கும் நாலு தரம் சொன்னேன். உன்னை நினைத்தால் மனசு குளிர்கிறது தம்பி.

வீடு வாங்குவது சந்தோஷம். கோர்ட்டு வீடு என்பதுதான் எனக்குக் கொஞ்சம் பயம். விற்கிறவன் மனசாரக் கொடுக்கிற வீடு இல்லையே அது. கொஞ்சம் பொறுத்தால் நானே இந்தப் பக்கம் நல்ல இடமாகப் பார்க்கிறேன். ஏன் இந்த அவசரம்?

இங்கே தோல் வியாபாரம் படுத்துவிட்டது. பட்டணத்தில் பதனிட்ட தோலைக் கேட்பாரில்லை. மாமா தோல் பதனிடுகிற ஷாப்பில் பாதித் தொட்டி காலி. மாமாவுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. பெரிய வீட்டில், அதுதான் மாமாவின் முதலாளி வீட்டில், ரொம்பக் கஷ்டமான காலம். அதை எல்லாம் கடிதத்தில் எழுதுவது மரியாதை இல்லை. நேரில் வரும்போது சொல்கிறேன்.

போன கடிதத்துக்கு முந்தின கடிதத்தில் இருமல் என்று எழுதியிருந்தாய். போன கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. மிளகுக் கஷாயம் போட்டுக் குடி. பெரிய நாள் பூசைக்கு உனக்காக ஒரு மெழுகுவர்த்தி கூடுதலாக வைக்கிறேன்.

உன் அக்கா,
சவுரியம்மாள்

*

சாம்பியன்
1933 ஜனவரி 13

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும் தானியேல். இங்கே சுகத்துக்கு மேலே சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

அக்கா, வீடு வாங்கிவிட்டேன்!

ஆம்பூரிலேயே, மசூதித் தெருவில். புதன்கிழமை வேலூர் முனிசீப் கோர்ட்டில் ஏலம். உன்னிடம் சொல்லாமல் வாங்கிவிட்டு வந்து நிற்க வேண்டும் என்று ஆசை, அதனால்தான் எழுதவில்லை. அக்தரி பேகம் என்ற அம்மாள் பேரில் இருக்கிற வீடு. கல் கட்டிடம், பின்னால் கிணறு, தோல் உலர்த்துகிற களம், களத்தை ஒட்டி இரண்டு அறை. காசிநாதன் ரிஜிஸ்திரார் ஆபீசில் பார்த்துவிட்டான். வேலூர் லேவாதேவிக்காரர் ஒருவருடைய அடமானத்தைத் தவிர வேறு வில்லங்கம் ஒன்றும் இல்லை.

என் அதிர்ஷ்டத்தைக் கேள். இரண்டு தடவை ஏலம் கூறியும் ஆள் கேட்காமல், கோர்ட்டார் விலையைக் குறைத்துக் குறைத்து அறுநூறில் நிறுத்தியிருந்தார்கள். அங்கே ஆம்பூர் வியாபாரிகள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். துருக்கித் தொப்பியும் சட்டையில் கடிகாரச் சங்கிலியுமாகப் பணக்காரர்கள். ஆனால் கோர்ட்டு அமீனா ஏலம் கூவும்போது ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நான் அறுநூற்று ஐந்து என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, அமீனாவுக்குக் கேட்டுவிட்டது. மூன்று தரம் கூவி முடித்துவிட்டார்.

வெளியே வந்ததும் அவர்களில் ஒரு கிழவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நல்லா இருப்பா, நல்லா இருப்பா" என்று கண் கலங்கினார். எவ்வளவு நல்ல மனிதர்கள் அக்கா! விலை ஏற்றிவிடாமல் ஏழைக்கு விட்டுக்கொடுத்து, வாழ்த்தும் சொல்லி அனுப்பினார்கள். ரயிலில் பவுரிங்பேட்டை ஸ்டேஷன் வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

நூற்று ஐம்பத்திரண்டு ரூபாய் அங்கேயே கட்டிவிட்டேன். மீதியைப் பதினைந்து நாளில் கட்ட வேண்டும். ஒரு நாள் லீவு என்பதால் ஆம்பூரில் இறங்க முடியவில்லை. நீ போய் வீட்டைப் பார்த்து எழுது. சுண்ணாம்பு அடிக்க ஆள் வேண்டும், மாமாவிடம் சொல்லி விசாரித்து வை. தவக்காலத்துக்குள் குடி வந்துவிட வேண்டும்.

சந்தோஷத்துடன்,
தானியேல்

*

ஆம்பூர்
1933 ஜனவரி 18

சேசு மரி சூசை துணை

அன்புள்ள தம்பி தானியேலுக்கு அக்காவின் ஆசீர்வாதம். நாங்கள் சுகம். நீங்கள் மூவரும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன்.

உன் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

தம்பி, நீ வாங்கினது பெரிய வீடு. அக்தரி பேகம் என்பது முதலாளி ஜியாவுல்லா சாயபுவின் மனைவி. நாங்கள் பீபியம்மா, பீபியம்மா என்றே கூப்பிட்டதால் உனக்குப் பேர் தெரியவில்லை. வீடு ஏலத்துக்கு வந்திருப்பதை நான் மரியாதைக்காக எழுதாமல் விட்டேன். எழுதியிருந்தால் நீ போயிருக்க மாட்டாய். தப்பு என்னுடையது.

அந்த வியாபாரிகள் வாய் திறக்காத காரணம் வேறு. ஊரில் எல்லோரும் பேசி வைத்திருந்தார்கள். யாரும் கேட்காவிட்டால் ஏலம் தள்ளிப்போகும். தள்ளிப்போனால் முதலாளிக்கு இரண்டு மாதம் மூச்சு விட நேரம் கிடைக்கும், பட்டணத்தில் வரவேண்டிய பணத்தைத் தண்டல் செய்துவிடுவார். இரண்டு தடவை அப்படித்தான் தள்ளிப்போயிற்று. வெளியூர் ஆள் எவனாவது வந்தால் தனியே கூப்பிட்டுச் சொல்லி நிறுத்தத்தான் அவர்கள் வேலூருக்கே போனது.

உன்னை ஏன் நிறுத்தவில்லை தெரியுமா? உனக்கு என் முகஜாடை. அந்தக் கிழவர் மண்டிக்கடை சாயபு. நேற்று தெருவில் என்னைப் பார்த்து, "உன் தம்பிதானேம்மா? பாத்ததும் தெரிஞ்சிக்கினேன். ஜியாவுல்லாவுக்காக நீங்க ஏற்பாடு பண்ண ஆளுன்னுதான் நாங்க சும்மா இருந்தோம். காப்பாத்திட்டான் பையன்" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் மாமா ஷாப்பில் தோல் ஊறப்போடுகிற சுண்ணாம்புத் தொட்டியில் விழுந்தது உனக்குத் தெரியும். வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தன் வண்டியில் எடுத்துப்போனவர் முதலாளி. ஆறு மாதம் படுக்கையில் இருந்தவருக்கு ஆறு மாதக் கூலி கொடுத்தார். பீபியம்மா தினம் ஒரு வேளைச் சாப்பாடு அனுப்பினார்கள். மாமாவின் ஒரு கண் மிஞ்சியது அவர்களால்தான். நன்றி என்ற வார்த்தையை நான் அவர்களிடம் சொன்னதே இல்லை, சொன்னால் தீர்ந்துவிடும் என்று பயம்.

வக்கீல் குமாஸ்தா ஒன்று சொல்கிறார். ஏலம் முடிந்து முப்பது நாளைக்குள் கடன் தொகை ஐந்நூற்றுத் தொண்ணூறையும், அதோடு வாங்கினவனுக்கு நஷ்டஈடாக நூற்றுக்கு ஐந்து வீதமும் கோர்ட்டில் கட்டினால் ஏலம் ரத்தாகுமாம். உனக்குச் சேரவேண்டிய ஈடு முப்பது ரூபாய் நாலணா. பிப்ரவரி பத்தாம் தேதி சாயங்காலம் ஐந்து மணி வரை கெடு. இதைக் காசிநாதன் உனக்குச் சொன்னானா?

சுண்ணாம்பு அடிக்க ஆள் பார்க்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

உன் அக்கா,
சவுரியம்மாள்

*

சாம்பியன்
1933 ஜனவரி 25

அக்காவுக்கும் மாமாவுக்கும் தானியேல் எழுதுவது. சுகம். அங்கேயும் அப்படியே என்று நம்புகிறேன்.

முப்பது நாள் சட்டத்தைக் காசிநாதன் சொல்லவில்லை. கேட்டதற்கு, "எவன்யா கட்டப்போறான்? அவன்கிட்ட காசு இருந்தா வீடு ஏலத்துக்கே வந்திருக்காது" என்றான். அவனுடைய நாலு வீட்டிலும் ஒருவரும் கட்டவில்லையாம்.

நேற்று மீதிப் பணத்தையும் கட்டிவிட்டேன். கட்டாமல் விட்டால் முன்பணத்தில் பெரும்பங்கு போய்விடும். அது பதினாலு வருஷத்தில் நாலில் ஒரு பங்கு அக்கா. எத்தனை தடவை சுரங்கக் கூண்டில் கீழே இறங்கி ஏறினேன் என்று கணக்குப் போட்டுப் பார்.

நான் யாரையும் ஏமாற்றவில்லை. சர்க்கார் கூவிய விலைக்குச் சர்க்கார் முன்னால் வாங்கினேன். அவர்கள் மாமாவுக்குச் செய்ததை நான் மறுக்கவில்லை, அதற்காக நானும் அவர்களுக்குக் கடமைப்பட்டவன்தான். அந்தக் கிழவர் பிடித்த கை இப்போது சுடுகிறது. ஆனால் ஏன் அவசரம், ஏன் அவசரம் என்று கேட்கிறாயே, எனக்கும் ஒரு அவசரம் இருக்கலாம் என்று உனக்குத் தோன்றவில்லையா?

அவர்கள் கெடுவுக்குள் கட்டினால் நான் என் பணத்தை வாங்கிக்கொண்டு போகிறேன். கட்டாவிட்டால் வீடு எனக்கு. ராஜம்மாளிடம் இது யாருடைய வீடு என்று நான் சொல்லவில்லை. நீயும் எழுதாதே. இனிமேல் இதைப் பற்றி என்னிடம் கேட்காதே அக்கா. உன் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

தானியேல்

*

சாம்பியன்
1933 ஜனவரி 30

சேசு மரி சூசை துணை

மதிப்புக்குரிய அண்ணிக்கு ராஜம்மாள் நமஸ்காரம். நாங்கள் சுகம் என்று எழுதத்தான் ஆசை. உங்கள் தம்பி அப்படித்தான் எழுதுவார். அவருக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன்.

அவர் நவம்பர் மாதமே வேலையிலிருந்து நின்றுவிட்டார். டாக்டர் துரை நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, இனிச் சுரங்கத்துக்குள் இறங்கவே கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அக்காவுக்குச் சொல்லாதே, மாமாவின் கண்ணுக்கு அழுதவள், இதற்கும் அழ வேண்டாம் என்கிறார். பகலெல்லாம் காசிநாதன் கடையில் போய் உட்கார்ந்திருக்கிறார். நாங்கள் இருக்கிற கம்பெனி லைன் வீட்டைப் பிப்ரவரி முடிவதற்குள் காலி செய்து கொடுக்க வேண்டும்.

எங்கே போவோம் என்று அழுதுகொண்டிருந்தேன் அண்ணி. அப்போதுதான் இந்த வீடு கிடைத்தது. சர்வேசுரன் கதவைத் திறந்துவிட்டார். ஏலத்துக்குப் போய் வந்த அன்றைக்குத்தான் அவர் வயிறாரச் சாப்பிட்டார். வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டால் சரியாகச் சொல்ல மாட்டேன் என்கிறார். கிணறு அடுக்களைக்குப் பக்கமா, தூரமா? ஜன்னல் எந்தத் திக்கில்? காற்று வந்தால் அவருக்கு நல்லது. தூங்கப்போகும்போது மனசுக்குள்ளேயே பாத்திரம் அடுக்கி வைக்கிறேன். சிரிக்காதீர்கள்.

எங்களுக்கு நீங்கள்தான் தாய். உங்கள் பக்கத்தில் வந்துவிடுவோம் என்ற நினைப்பே எனக்குத் தெம்பாக இருக்கிறது.

தங்கள் தம்பி மனைவி,
ராஜம்மாள்

*

ஆம்பூர்
1933 பிப்ரவரி 5

சேசு மரி சூசை துணை

அன்புள்ள தம்பிக்கு அக்கா ஆசீர்வாதம். மாமா சுகம். நானும் இருக்கிறேன்.

கேட்காதே என்றாய். கேட்கவில்லை, சொல்கிறேன். உன் முதுகுக்குப் பின்னால் செய்ய எனக்கு மனசு வரவில்லை.

நீ வீட்டை எடுத்த மறுவாரத்திலிருந்து பீபியம்மாவுக்குப் பணம் சேர்க்க நானும் கூட அலைகிறேன். அவர்கள் வெளியே வருவதில்லை. வெள்ளிச் சாமானை விற்றது நான், வண்டி மாட்டுக்கு விலை பேசினது மாமா. முதலாளி பட்டணத்தில் கடை கடையாக ஏறி இறங்கி முந்நூறு அனுப்பினார். அன்றைக்குக் கையைக் கட்டி நின்ற வியாபாரிகளுக்கு நீ உனக்காகத்தான் வாங்கினாய் என்பது தெரிந்துவிட்டது. ஒருத்தர்கூட என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆளுக்குப் பத்து இருபது கொண்டுவந்து கொடுத்தார்கள். ஐந்நூற்றுத் தொண்ணூறும் சேர்ந்துவிட்டது. பீபியம்மா மனுவில் கைநாட்டு வைத்து வக்கீலிடம் கொடுத்தனுப்பிவிட்டார்கள். பணத்தை வெள்ளிக்கிழமை வேலூருக்குக் கொண்டுபோகிறவள் நான். பீபியம்மா எண்ணிக்கூடப் பார்க்காமல் என் கையில் கொடுத்தார்கள்.

உனக்குச் சேரவேண்டிய முப்பது ரூபாய் நாலணா மட்டும் பாக்கி. அதற்கும் ஒரு வழி இருக்கிறது.

உன் உடம்பு விஷயம் எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று வீட்டில் சண்டை போடாதே. இது தெரியாமல் இருந்தால் நான் நிம்மதியாக ரயில் ஏறியிருப்பேன். இப்போது ஒரு பக்கம் உன் மூச்சு, ஒரு பக்கம் அவர்கள் வீடு. நான் என்ன செய்யட்டும் தானி? வியாழக்கிழமைக்குள் இரண்டு வரி எழுது.

உன் அக்கா,
சவுரியம்மாள்

*

ஆம்பூர், மசூதித் தெரு
1933 பிப்ரவரி 14

தம்பி தானியேலுக்கு அக்தரி பேகம் சலாம். அல்லாவின் ரஹ்மத்தால் நாங்கள் எல்லோரும் சௌக்கியம். உங்கள் உடம்பு தேற துஆ செய்கிறோம். எனக்குத் தமிழ் பேசத்தான் தெரியும். நான் சொல்லச் சொல்ல என் மகள் அஃப்ஸர் ஜஹான் எழுதுகிறாள்.

வெள்ளிக்கிழமை நடந்ததை ஞானப்பிரகாசம் வந்து சொன்னார். ஒரு தடவை கேட்டு எங்களுக்குப் போதவில்லை, மூன்று தடவை சொல்லச் சொன்னோம். சவுரியம்மாள் தன் சீட்டுப் பணத்தில் முப்பது ரூபாய் போடுவதாகச் சொல்லியிருந்தாள். சீட்டு எடுக்க முடியவில்லை என்று கடைசி நேரத்தில்தான் தெரிந்ததாம். கோர்ட்டுக் குமாஸ்தா அந்த முப்பது ரூபாய் நாலணா இல்லாமல் மனு நிற்காது என்று சொல்லிவிட்டார். ஞானப்பிரகாசம் வேலூரில் தெரிந்தவர்கள் வீடெல்லாம் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தார். மணி மூன்றரை. கோர்ட்டு மரத்தடியில் உங்கள் அக்கா பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். "எவ்ளோ கம்மியாவுது?" என்று கேட்டு எழுந்து போய், சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கட்டிவிட்டீர்கள்.

குமாஸ்தா சிரித்தாராமே. "இன்னாய்யா இது! நீ கட்டுற காசு உன் கைக்கேதான் திரும்பி வரும். இருபது வருசமா இந்தக் கோர்ட்ல குப்ப கொட்றேன், இப்டி ஒரு ஆளப் பாத்ததில்ல." அதற்கு நீங்கள், "தெரியும்யா, ரசீது போடுங்க" என்றீர்களாம். இதைச் சொல்லும்போது ஞானப்பிரகாசத்தின் நல்ல கண்ணிலும் தண்ணீர், மற்றக் கண்ணிலும் தண்ணீர்.

உங்கள் நிலைமையும் எங்களுக்கு இப்போது தெரியும். தெரிந்த பிறகு இந்த வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் பட்டணத்திலிருந்து வந்ததும் பேசினோம். களத்தை ஒட்டின இரண்டு அறையையும் அதைச் சேர்ந்த மனையையும் உங்களுக்கு எழுதிக் கொடுக்கிறோம். தானமாக இல்லை. நீங்கள் வாங்க மாட்டீர்கள், ஊராரிடம் வாங்கினதைத் திருப்பிக் கொடுக்க எங்களுக்கும் பணம் வேண்டும். நானூறு ரூபாய் என்று சொல்கிறார். ஜாஸ்தி என்றால் சொல்லுங்கள், குறைக்கச் சொல்கிறேன். ரிஜிஸ்திரார் முன்னால் நானே பர்தா வண்டியில் வந்து கைநாட்டு வைக்கிறேன். கிணற்றில் இரண்டு வீட்டுக்கும் பாத்தியதை. ஷாப்பில் வண்டி வரவு எழுத ஒரு ஆள் வேண்டும், உட்கார்ந்து செய்கிற வேலை.

உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள்: கிணறு அடுக்களைக்குப் பத்து அடிதான். ஜன்னல் ஆற்றுப் பக்கம் பார்த்து இருக்கிறது. சவுரியம்மாள் கேட்டாள், அதனால் எழுதச் சொன்னேன்.

அக்தரி பேகம்

*

ஆம்பூர்
1933 பிப்ரவரி 19

சேசு மரி சூசை துணை

அன்புள்ள தம்பிக்கு அக்கா ஆசீர்வாதம். இங்கே சுகம். ராஜம்மாளின் கடிதம் வந்தது. நானூறுக்குச் சம்மதம் என்று நீ எழுதினதைப் பீபியம்மாவிடம் சொன்னேன். ஊரே உன்னைப் பற்றிப் பேசுகிறது. மண்டிக்கடை சாயபு, "நான் மொதல்லயே சொன்னேன்ல, ஜியாவுல்லாவக் காப்பாத்த வந்த ஆளுன்னு" என்று எல்லோரிடமும் சவடால் அடித்துக்கொண்டு திரிகிறார்.

எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். எனக்கு மட்டும் சாப்பாடு இறங்கவில்லை. இன்று பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். அவர் மன்னித்துவிட்டார். உன்னிடம் சொல்லாமல் அது தீராது.

தம்பி, சீட்டுப் பணம் வந்திருந்தது. புதன்கிழமையே எடுத்துவிட்டேன். அன்றைக்குக் கோர்ட்டு மரத்தடியில் அந்த முப்பது ரூபாய் நாலணா என் இடுப்பு முடிச்சில் இருந்தது.

உன்னிடமிருந்து பதில் இல்லை. ரயிலில் போகும்போதெல்லாம் ராஜம்மாள் எழுதினதே கண்ணுக்குள் நின்றது. குமாஸ்தா பணத்தை எண்ணிவிட்டு மீதி எங்கே என்றார். சீட்டு வரவில்லை என்று என் வாய் சொல்லிவிட்டது. யோசித்துச் சொல்லவில்லை. சொன்ன பிறகு மாற்றவும் இல்லை. மாமா பாவம், அந்த வெயிலில் ஒற்றைக் கண்ணோடு வீடு வீடாகப் போய்க் கடன் கேட்டார். நான் போக விட்டேன். ஐந்து மணி அடித்தால் என் தம்பிக்கு வீடு, நான் ஒன்றும் செய்யவில்லை, பணம் குறைந்துபோயிற்று, அவ்வளவுதான் என்று உட்கார்ந்திருந்தேன். எண்ணாமல் கொடுத்தவளுக்கு நான் செய்தது அது.

நீ வந்து நின்றபோது, "சாப்ட்டியா தானி?" என்று கேட்டேனே, வேறு என்ன கேட்பது என்று தெரியாமல்தான் கேட்டேன். கை அப்போதும் முடிச்சின் மேலேதான் இருந்தது.

நீ கட்டின பணத்தைத் திருப்பி அனுப்பட்டுமா? பீபியம்மாவிடம் நானே போய்ச் சொல்லிவிடட்டுமா? நீ சொல்கிறபடி செய்கிறேன்.

உன் அக்கா,
சவுரியம்மாள்

*

சாம்பியன்
1933 பிப்ரவரி 23

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி தானியேல் எழுதுவது. இங்கே சுகம். இந்தத் தடவை உண்மையாகவே சுகம். இருமல் இருக்கிறது, அதையும் சேர்த்தே எழுதுகிறேன். இனி உன்னிடம் எதையும் விடாமல் எழுதுவது என்று முடிவு.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீயே எல்லாவற்றையும் சொன்ன பிறகு நான் மறைப்பது அழகில்லை. நான் ஏன் அன்றைக்கு வேலூருக்கு வந்தேன் என்று நீ கேட்கவே இல்லை. மாமாவும் கேட்கவில்லை. உதவி செய்ய ஓடி வந்தேன் என்று ஊரே நினைக்கிறது.

உதவி செய்ய வரவில்லை அக்கா. உன் கடிதம் கிடைத்ததும் காசிநாதனிடம் காட்டினேன். "முப்பது ரூபா கொறையுதா? அப்ப ஒனக்குத்தான் வீடு. அஞ்சு மணி வரைக்கும் கோர்ட்லயே நில்லு, அஞ்சு அடிச்சதும் ஒன் பேர்ல பத்திரம் எழுத ஸ்டாம்பு வாங்கிக் குடு" என்றான். அதற்காகத்தான் வந்தேன். கெடு தப்புகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்க. என் சட்டைப்பையில் இருந்தது ஸ்டாம்பு வாங்க எடுத்து வந்த பணம். உன் கடிதத்துக்குப் பதில் எழுதாததும் அதனால்தான். என்ன எழுதுவது?

பதினொரு மணிக்கே வந்துவிட்டேன். எதிரே மிட்டாய்க் கடைக்குப் பின்னால் நின்று உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா வெயிலில் போவதையும் பார்த்தேன். நீ மரத்தடியில் பையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாய். மூன்று மணிக்கு மேல் பார்க்க முடியவில்லை, கால் தானாக வந்துவிட்டது. அப்போதும் பணம் கட்டும் எண்ணம் இல்லை. திட்டுவாய், நான் பதிலுக்குத் திட்டலாம் என்று நினைத்து வந்தேன். நீ நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டு, சாப்ட்டியா என்று கேட்டாய். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

இப்போது நான் சொல்வதைக் கேள். நீ காலையிலேயே அந்த முடிச்சை அவிழ்த்துக் கட்டியிருந்தால் எல்லாம் பன்னிரண்டு மணிக்கே முடிந்திருக்கும். நீ நல்லவளாக வீட்டுக்குப் போயிருப்பாய். நான் மிட்டாய்க் கடைக்குப் பின்னாலிருந்து, வந்த எண்ணத்தோடேயே தங்கவயலுக்குத் திரும்பியிருப்பேன். சாகிற வரைக்கும் அந்த ஆளாகவே இருந்திருப்பேன். நீ அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தாயே, அதனால்தான் பணத்தைக் கட்டுகிற முறை எனக்கு வந்தது. அதற்காக உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் இரண்டு நாளாக இந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பணத்தை அனுப்பாதே. பீபியம்மாவிடம் சொல்வதானால் நான் வந்த பிறகு இரண்டு பேரும் சேர்ந்து போய்ச் சொல்வோம், என்னுடையதையும் சேர்த்து. மாமாவிடம் மட்டும் இன்றைக்கே சொல்லிவிடு. அந்த வெயிலில் நடந்தவர் அவர்.

திங்கட்கிழமை பகல் வண்டியில் ஆம்பூர் வருகிறோம். ராஜம்மாள் ஆட்டுக்கல்லையும் தூக்கிக்கொண்டு வருவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். மாமா நடந்தது போதும், அவரை ஸ்டேஷனுக்கு அனுப்பாதே, நீ மட்டும் வா.

உன் தம்பி,
தானியேல்